தொண்ணூறுகளின் வக்கீல்

கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருக்கும். பந்திக்கு ஆள் கூப்பிட்டும் முன்வரிசை நாற்காலியை விட்டு எழாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண் பாதி மூடியிருக்கும். முதல் சரணம் நெருங்கும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும். "இப்ப வருது பாரு" என்பார். வருவது நாலு விநாடிப் புல்லாங்குழல். அது போனதும் விரலை இறக்கி, தானே வாசித்து முடித்த களைப்போடு பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்ப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவு, பசியோடு இருப்பவர். தலையாட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. "தொண்ணூறுகளோட சரி சார். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பாட்டா?" என்று வழக்கு அங்கே தொடங்கும். இவரைக் காரின் முன்சீட்டிலும் அலுவலகத்து டீ நேரத்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார். பெண்களுக்கு இந்த அபிப்பிராயம் இல்லாமலில்லை. அதைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு யாரும் இருபது நிமிடம் தருவதில்லை, அவ்வளவுதான்.

இவரை ரசிகர் என்று சொல்வதைவிட வக்கீல் என்று சொல்வதே பொருந்தும். ரசிகருக்குப் பாட்டு போதும், இவருக்குத் தீர்ப்பு வேண்டும். இவருடைய கட்சிக்காரர் ஒரு முழுப் பத்தாண்டு. எதிர்க்கட்சி, இப்போதைக்கு, அனிருத். இவர் தாக்கல் செய்யும் சாட்சிகள் எந்தச் சபையிலும் மாறுவதில்லை: 'தளபதி', 'ரோஜா', 'காதலன்', 'பம்பாய்', தேவைப்பட்டால் 'மின்சார கனவு'. சாட்சிகள் ஒவ்வொருவரும் அப்பழுக்கற்றவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'ரோஜா'வுக்காக ஏ.ஆர். ரஹ்மான் முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கினார். 'காதலன்' படத்திலும் 'பவித்ரா'விலும் பாடி உன்னிகிருஷ்ணன் வாங்கினார். 'கருத்தம்மா'வுக்காக ஸ்வர்ணலதா வாங்கினார். நான் மறுப்பது சாட்சிகளை அல்ல. இந்த நாலைந்து படங்களைக் காட்டி இவர் வாதாடும் அந்தப் பத்தாண்டை, அந்த உருவத்தில், அன்றைக்கு ஒருவரும் கேட்டதில்லை என்பதுதான் என் எதிர்வாதம். அது பிறகு தொகுக்கப்பட்டது, இன்னும் தொகுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தொகுப்பவர்களில் இவருடைய எதிரிகளும் உண்டு.

இதே வக்கீல் லண்டனில் பிறந்திருந்தால் பிழைப்பு சிரமம். அங்கே 1952 நவம்பரிலிருந்து எந்த வாரம் எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்ற பட்டியல் அச்சில் இருக்கிறது. அமெரிக்காவில் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. அறுபதுகள் என்றாலே பீட்டில்ஸ்தான் என்று அங்கே ஒருவர் மேசையைத் தட்டினால், எதிரே இருப்பவர் 1967ஆம் வருடத்து ஏட்டைப் புரட்டுவார். பீட்டில்ஸ் அதுவரை செய்ததிலேயே தலைசிறந்தது என்று பலர் சொல்லும் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', மறுபக்கத்தில் 'பென்னி லேன்' என்று இரண்டும் ஒரே தட்டில் வந்தும் பிரிட்டனில் முதலிடம் கிடைக்கவில்லை. மறித்து நின்றது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'ரிலீஸ் மீ' என்ற உருக்கமான காதல் பாட்டு. ஆறு வாரம் அது நகரவே இல்லை. (ஹம்பர்டிங்க் 1936இல் பிறந்தது மதராஸில். பீட்டில்ஸைத் தடுத்தவர் நம்மூரில் பிறந்தவர் என்று பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.) எண்பதுகளின் வக்கீலுக்கும் இதே கதிதான். 1981இல் அல்ட்ராவாக்ஸ் குழுவின் 'வியன்னா' இரண்டாமிடத்திலேயே நின்றுபோனது. அதற்கு மேலே வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது ஜோ டோல்சி என்பவர் இத்தாலியக் கொச்சை உச்சரிப்பில் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு. பிற்பாடு பி.பி.சி. ரேடியோ 2 நேயர்கள், இரண்டாமிடத்தோடு நின்றவற்றில் தங்களுக்கு மிகவும் பிடித்தது 'வியன்னா' என்று வாக்களித்து, பழைய கணக்கை நேர் செய்தார்கள். நேர் செய்யவேண்டி வந்ததே, எண்பதுகளின் காது இன்று நாம் நினைக்கிற காது அல்ல என்பதற்கு ஆவணம்.

நம் வக்கீலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பாட்டுக்கு அப்படியொரு நம்பத்தகுந்த வாராந்திர விற்பனைப் பட்டியல் தொண்ணூறுகளில் கிடையாது. எது ஹிட் என்பதை டீக்கடை ஸ்பீக்கரும், தனியார் பஸ் டிரைவரும், பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடையும் சொல்லின. வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்' சொன்னது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தபிறகு அதன் தொலைபேசி நிகழ்ச்சிகள் சொல்லின. இவற்றில் எதுவும் கணக்கெழுதி வைக்கவில்லை. ஏடு இல்லாத கோர்ட்டில் ஞாபகசக்தி உள்ளவர்தான் ஜெயிப்பார். ஞாபகசக்தியோ இவரிடம் அமோகம், துல்லியம்தான் கொஞ்சம் மட்டு. கேட்டு உருகிய பாட்டெல்லாம் இவர் கணக்கில் ஒன்று இளையராஜா, இல்லையென்றால் ரஹ்மான். 'அழகன்' (1991) படத்துப் பாட்டு வந்தால் "ராஜா ராஜாதான்" என்று கண் கலங்குவார். அதற்கு இசை மரகதமணி. அந்த மரகதமணிதான் எம்.எம். கீரவாணி என்ற பெயரில் 2023இல் ஆஸ்கர் வாங்கியவர். ஆஸ்கர் கமிட்டி கொடுத்துவிட்டது, முன்வரிசை நாற்காலி இன்னும் கொடுக்கவில்லை. தேவா, சிற்பி, வித்யாசாகர், ஆதித்யன், எஸ்.ஏ. ராஜ்குமார் என்று அந்தப் பத்தாண்டைச் சுமந்த பாதிப்பேர் இவருடைய வழக்குக் கட்டில் சாட்சிகளாகக்கூட இல்லை.

இவருடைய இரண்டாவது வாதம் கண்ணியம். "அப்பல்லாம் குடும்பத்தோட உக்காந்து கேக்கலாம் சார்." இந்த வாதத்தைக் கேட்டால் 'இந்து' (1994) படத்தைத் தயாரித்தவர்களே சிரிப்பார்கள். அதில் ஒரு பெண் வயதுக்கு வந்த விவரத்தை அவளிடமே விசாரிக்கும் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. குடும்பத்தோடு உட்கார்ந்தவர்கள் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாதம், இப்போது வார்த்தை புரிவதில்லை, சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்பது. 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) வந்தபோது ரஹ்மான்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு எழுத்துக்கு எழுத்து இதுதான்: டிரம்ஸ் வார்த்தையை விழுங்குகிறது, கம்ப்யூட்டர் போட்ட சங்கீதம். வைத்தவர்கள் எண்பதுகளின் வக்கீல்கள். அவர்கள் போற்றிய இளையராஜாவையோ, 1976இல் 'அன்னக்கிளி' வந்த காலத்தில் விஸ்வநாதனின் வக்கீல்கள் தெம்மாங்கு மேளம் என்று ஒதுக்கினார்கள். இன்னும் பின்னால் போனால் சினிமாப் பாட்டு மொத்தத்தையுமே தாழ்வாகப் பார்த்த மத்திய அமைச்சர் ஒருவர் இருக்கிறார். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை அநேகமாக ஒதுக்கிவைத்தார். கேட்டவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். அமைச்சருக்குச் சகிக்காத அந்த ஐம்பதுகளின் பாட்டுகளைத்தான் இன்று பொற்காலம் என்கிறோம். 1957இல் அரசாங்கமே விவித பாரதியைத் தொடங்கி இறங்கிவந்தது. ரசனையின் பெயரால் ஒரு பத்தாண்டை மற்றதோடு மோதவிட்டவர்களில் யாருக்கும் தீர்ப்பு நிலைத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சமீபத்தியது. 1995இல் 'அசுரன்' என்று ஒரு படம், இசை ஆதித்யன். அதிலிருந்த ஒரு துள்ளல் பாட்டை 2022இல் லோகேஷ் கனகராஜ் 'விக்ரம்' படத்தில் ஓடவிட்டார். அடுத்த வாரமே வக்கீலின் கார் ஸ்பீக்கரில் அது வந்துவிட்டது. "நாங்கள்லாம் அப்பவே கேட்ட பாட்டு" என்று. கேட்டிருக்கலாம். ஆனால் 'விக்ரம்' வரும்வரை இவர் வாதத்தில் ஒரு தரமாவது அந்தப் பாட்டு ஆஜரானதுண்டா? அடுத்த வருடம் 'லியோ'வில் 'பசும்பொன்' (1995) பாட்டு வந்தது, சாட்சிப் பட்டியலில் வித்யாசாகர் ஏறினார். 2024இல் மலையாளப் படம் ஒன்று 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) பாட்டை எடுத்துக்கொண்டதும் சிற்பி ஏறினார். எல்லோரும் ஏறவேண்டியவர்களே. ஆனால் ஏற்றிவிட்டது யார்? இப்போதைய டைரக்டர்கள், இப்போதைய ரீல்ஸ், கேரளத்துத் தியேட்டர்கள். 'விக்ரம்', 'லியோ' இரண்டுக்கும் இசை யார் என்று கேட்டால் வக்கீல் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். தன் கட்சிக்காரருக்குப் புதுப்புது சாட்சிகளைக் கூட்டிவருவது, தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கும் அதே அனிருத்தின் படங்கள்.

வயதுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெவ்வேறு வயதுக்காரர்களுக்கு வெவ்வேறு காலத்துப் பாட்டைப் போட்டுக்காட்டியதில், சராசரியாகத் தங்கள் 23, 24 வயதையொட்டி வந்த பாட்டுகளையே அவர்கள் அதிகம் விரும்பினார்கள் என்பது அதன் சாரம். தொண்ணூறுகளின் வக்கீல்களில் சரிபாதிப்பேர் தங்களைத் 'தொண்ணூறுகளின் குழந்தைகள்' என்று சொல்லிக்கொள்பவர்கள். 1990இல் பிறந்தவருக்கு 'ரோஜா' வந்தபோது வயது இரண்டு. அவருக்கு 23 வயது நடந்த வருடம் 2013. 'எதிர்நீச்சல்' வந்த வருடம், இசை அனிருத். ஆய்வு அமெரிக்காவில் நடந்தது, நமக்குப் பொருந்தாது என்று ஆட்சேபிக்கலாம். சரி, வயதைப் பதினேழாகக் குறைத்துக்கொள்வோம். அப்போதும் 2007தான் வருகிறது, தொண்ணூறுகள் வருவதில்லை. தன் சொந்தக் காலத்தை விட்டுவிட்டு அண்ணன் காலத்துக்கு ஏன் வாதாடுகிறார் என்றால், காரணம் எளிது: அண்ணனுடைய கேசட் வீட்டில் இருந்தது, அதைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு வக்கீல் தரப்பில் வலுவான ஒரு மறுப்பு உண்டு. "நல்ல பாட்டா இல்லாட்டி முப்பது வருஷம் நிக்குமா? இப்ப வர்றது மூணு மாசம் நிக்குதா?" இதில் பாதி நியாயம் இருக்கிறது. மற்ற பாதியைச் சொல்லிவிடுகிறேன். அன்று ஒரு பாட்டு நின்றதற்குக் காரணம், அதை விட்டு ஓட வழியில்லை. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமானால் பட்டனை அழுத்திப் பிடித்து, கூடுதலாக ஓடி, திரும்பப் பின்னால் வந்து, டேப்பும் சிக்கி, அதற்குப் பேசாமல் கேட்டுவிடலாம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைத் தாண்டப் பட்டனே கிடையாது. கட்டாயமாக நூறு தடவை கேட்டதில் பத்து நம்மோடு தங்கியது. நியாயமான பாதி வேறிடத்தில் இருக்கிறது. அன்றைய பாட்டு சாதாரணமாக ஐந்து நிமிடம் ஓடியது, இரண்டு சரணம் இருந்தது, சரணத்துக்குச் சரணம் இடையிசை மாறியது. பாடகர் வாய்மூடி நிற்கும் அந்த முப்பது நாற்பது விநாடியில் வயலின்காரர்களுக்கும் புல்லாங்குழல்காரருக்கும் ஒரு தனி இடம் கிடைத்தது. இன்றைய பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சுருங்கி வருகிறது. இரண்டாவது சரணம் போய்விட்டது, இடையிசையும் அதோடு போனது. கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடும் என்ற பயத்தில் செய்யப்படும் பாட்டில் காத்திருப்பதற்கு எதுவும் வைக்க முடியாது. இது இழப்புதான், எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், வக்கீல் இந்த வாதத்தை வாயால் எடுத்து வைப்பதே இல்லை. கண்ணியம், வார்த்தை, பொற்காலம் என்று தோற்கிற கட்சியை இருபது நிமிடம் பேசுவார். ஜெயிக்கிற கட்சி அவருடைய விரல் நுனியில் இருக்கிறது. "இப்ப வருது பாரு" என்று தூக்குகிறாரே, அந்த விரலில். இன்றைய பாட்டில் அந்த விரலைத் தூக்க இடமில்லை.

பிடித்ததைப் பிடித்தது என்கிறார், பாவம், அவரிடம் போய்ச் சாட்சி கேட்பானேன் என்று சிலர் சொல்வார்கள். பிடித்தது என்று நிறுத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். காரில் ஏறியதும் டிரைவர் சீட்டிலிருப்பவரின் ப்ளூடூத்தைத் துண்டித்துத் தன் போனை இணைப்பது பிடித்தம் அல்ல, ஜப்தி. பதினாறு வயது மருமகள் முணுமுணுக்கும் பாட்டை "இதெல்லாம் ஒரு பாட்டாம்மா?" என்று பாதியில் நிறுத்துவதும் அப்படித்தான். அந்தப் பெண் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறாள். வக்கீல் அதை வெற்றி என்று குறித்துக்கொள்கிறார். ஆகவே ஒரு சமரசம் சொல்லலாம். அவர் கட்சிக்காரரை நாம் முழுமையாக ஏற்றுக்கொள்வோம், பத்தாண்டே உயர்ந்தது என்று எழுதியும் கொடுப்போம். பதிலுக்கு, 1995இல் வந்த தமிழ்ப் படங்களின் பெயரையெல்லாம் சீட்டெழுதிக் குலுக்கி, கைக்கு வந்த படத்தின் பாட்டுகளை, ஒன்றையும் தாண்டாமல் அவர் உட்கார்ந்து கேட்கவேண்டும். 'பாட்ஷா' வந்தால் அவர் அதிர்ஷ்டம். வராத பட்சத்தில், இரண்டாவது பாட்டுக்குள் விரல் எழும். இந்தத் தடவை புல்லாங்குழலுக்காக அல்ல. "இதை எதுக்கு சார் கணக்குல சேக்கறீங்க? இது தொண்ணூறுகள் பாட்டே இல்ல."