புலிக்கு எங்கே மனுப் போடுவது?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டிலேயே புலி வளர்க்கிறார்களாமே, யாரைக் கேட்டு? (மதுரை)

பதில்: அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் என்றால் கவுண்டி ஷெரிஃபை, அல்லது விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம், கலெக்டர் மட்டும் கிடையாது. 2001-ல் வந்த சட்டப்படி ஒரு புலிக்கு ஆண்டுப் பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 50 டாலர். ஒருவர் எத்தனை வைத்திருந்தாலும் மொத்தம் 500 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது பதினோராவது புலி இலவசம். நம் ஊர் ஆடித் தள்ளுபடியில்கூட இந்தத் தாராளம் கிடையாது. ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடு வேண்டும். புலி யாரையாவது தாக்கினால் 48 மணி நேரத்துக்குள் உரிமையாளர் தகவல் சொல்ல வேண்டும். கடிபட்டவர் சொல்லக் கூடாதா என்கிறீர்களா? அவர் சொல்லும் நிலையில் இருக்க வேண்டுமே!

கேள்வி: அந்தச் சட்டத்தின் விலங்குப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்? (கும்பகோணம்)

பதில்: சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி, நரி, கொரில்லா, சிம்பன்சி என்று நீளும். ஓநாய் இல்லை. யானையும் இல்லை. யானையை யாரும் ஒளித்து வளர்த்துவிட முடியாது என்று விட்டிருக்கலாம். ஓநாய்க்கு யார் சிபாரிசு செய்தார்களோ!

கேள்வி: டெக்சாஸின் ஹூஸ்டனில் 'இந்தியா' தெருவில் அலைந்ததாமே? (தூத்துக்குடி)

பதில்: பதறாதீர்கள், அது ஒரு புலிக்குட்டியின் பெயர். 2021 மே 9 அன்று ஒரு குடியிருப்புத் தெருவில் புல்வெளியில் நின்றது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துப் பத்திரமாகக் கிடைத்து, சரணாலயத்துக்குப் போனது. ஹூஸ்டன் நகருக்குள் புலி வளர்ப்பதற்கே தடை. தடை இருக்கும் ஊரில்தான் 2019-லும் ஒரு புலி அகப்பட்டது. கஞ்சா புகைக்க ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தவர் உள்ளே கூண்டில் புலியைப் பார்த்துப் போன் செய்தார். நிஜப் புலியா, புகையில் தெரிந்த புலியா என்று அதிகாரிகளுக்கு முதலில் சந்தேகம்தான். பொது நலனில் அக்கறையுள்ள குடிமகன் எங்கிருந்தெல்லாம் கிளம்புகிறான் பாருங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் 'கவுண்டி ஜட்ஜ்' தீர்ப்பு சொல்வாரா? (சேலம்)

பதில்: டெக்சாஸில் அவர் பெரும்பாலும் நிர்வாகி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், வக்கீலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சட்ட அறிவு நன்றாக இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டம். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த சபைக்குக் 'கமிஷனர்ஸ் கோர்ட்' என்று பெயர். அங்கே ரோடு, பாலம், பட்ஜெட் எல்லாம் பேசுவார்கள். வறட்சி வந்தால் திறந்த வெளியில் குப்பை கொளுத்த 90 நாள் வரை தடை போடுவார்கள். 2007 வரை 'தோல் மற்றும் கால்நடை ஆய்வாளர்' என்றொரு தேர்தல் பதவியே அரசியல் சட்டத்தில் இருந்தது. அதை ஒழிக்கவும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

இதில் வேடிக்கை, மாநிலம் எழுதிக் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டிக் கவுண்டியால் எதுவும் செய்ய முடியாது. எந்த மனையில் வீடு, எதில் தொழிற்சாலை என்று பிரிக்கும் அதிகாரம் பொதுவாக இல்லை. புலி கூடாது என்று சொல்லும் அதிகாரம் உண்டு. பக்கத்து மனையில் இரும்புக் கடை வந்தால் நீங்கள் பெருமூச்சு விடலாம். புலி வந்தால் மனுப் போடலாம்.

கேள்வி: சட்டமே இல்லாத ஊரில் என்ன ஆகும்? (திருநெல்வேலி)

பதில்: இதற்குச் சிரிப்புப் பதில் கிடையாது. ஒஹாயோவில் 2011 ஜனவரியில், பதவி முடியப்போன ஆளுநர் தனியார் காட்டு விலங்கு வளர்ப்புக்கு அவசரத் தடை போட்டார். புதிதாக வந்தவர் அது காலாவதியாக விட்டார். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று, சேன்ஸ்வில் நகருக்கு அருகே ஒருவர் தன் பண்ணைக் கூண்டுகளைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மஸ்கிங்கம் கவுண்டி ஷெரிஃபின் ஆட்களுக்குச் சுடுவதைத் தவிர வழியில்லை. மறுநாள் மயக்க ஊசி பட்ட புலி ஒன்றும் படுப்பதற்குப் பதிலாகப் பாய வந்தது. செத்தவற்றில் 18 புலி, 17 சிங்கம். மாநிலச் சட்டம் 2012 ஜூனில் கையெழுத்தானது.

ஆளுநர் அலுவலகம் இருப்பது கொலம்பஸில். உறுமல் கேட்டதும் மக்கள் போன் செய்தது கவுண்டிக்கு. சட்டம் போடத் தயங்கியது ஒருவர், துப்பாக்கி பிடித்தவர்கள் வேறு சிலர். அந்தக் காவலர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இப்போது நான் போய் ஒரு புலி வாங்க முடியுமா? (ஈரோடு)

பதில்: முடியாது. 2022 டிசம்பரில் மத்திய சட்டமே வந்துவிட்டது. தனியார் இனிமேல் புலி, சிங்கம் போன்றவற்றை வாங்கவோ குட்டி போட வைக்கவோ கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2023 ஜூன் 18-க்குள் பதிவு செய்திருந்தால் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். யாருடைய கடைசிவரை என்பது புலியின் மனநிலையைப் பொறுத்தது.

கேள்வி: என் பையன் குட்டிக் குரங்கு கேட்கிறான். என்ன சொல்ல? (டாலஸ்)

பதில்: மாநிலப் பட்டியலில் குட்டிக் குரங்கு இல்லை. உங்கள் நகராட்சியின் விதி வேறாக இருக்கலாம், விசாரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கிறதே! வாசல் புல் நாலு விரல் கூடினாலே நோட்டீஸ் அனுப்புகிறவர்கள். மனுவைப் பையனையே எழுதச் சொல்லுங்கள். பதில் வருவதற்குள் அவன் கல்லூரி விடுதிக்குப் போயிருப்பான்.