டிவி கேம் நெசவின் கிளையே என்னும் சித்தாந்தம்

காஞ்சிபுரத்தில் பிறந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்து, ஆயுளில் பெரும்பகுதியை உத்தியோகத்தின் பெயரால் வீணடித்து, எஞ்சியதை ஜப்பான் தேசத்துப் பழைய வீடியோ கேம் பெட்டிகளையும் அவற்றுக்குரிய கேசட்டுகளையும் சேகரிப்பதிலும், சேகரித்தவற்றை ஆடுவதிலும், ஆடுகிறபோது வீட்டாரிடம் அகப்பட்டுக்கொண்டால் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லித் தப்புவதிலும் கழித்துவரும் அடியேன், பலமுறை சொன்ன அந்தப் பொய்யை ஒருமுறையேனும் மெய்யாக்கிவிட வேண்டும் என்ற தார்மிக நிர்ப்பந்தத்தினால் இந்த வியாசத்தை எழுதப் புகுகிறேன்.

நிரூபிக்க எடுத்துக்கொண்ட சித்தாந்தம் ஒன்றே. டிவி கேம் என்று நம்மூரில் வழங்கும் வஸ்து விளையாட்டுச் சாமானும் அன்று, மின்சார சாதனமும் அன்று. அது பட்டு நெசவின் ஒரு கிளை. ஆகவே அதனை ஆடுகிறவனைச் சோம்பேறி என்று வைவது, தறியில் உட்கார்ந்திருப்பவனைச் சோம்பேறி என்று வைவதற்கு ஒப்பான அபசாரம்.

காஞ்சிக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தம் என்றவுடன், இந்நகரிலிருந்து புறப்பட்டதாக ஐதிகம் கூறும் போதிதருமரைக் கூட்டிவந்து நிறுத்துவது நம்மவர் வழக்கம். ஜப்பானியர் அவரை 'தருமா' என்ற கைகாலற்ற பொம்மையாக்கிக் கடையில் வைத்து விற்கிறார்கள் என்பது உண்மையே. எனினும் கையால் ஆடும் ஆட்டத்துக்குக் கையில்லாதவரைச் சாட்சிக்கு அழைப்பது தர்க்கத்துக்கு அழகன்று.

மெய்யான சாட்சி கியோட்டோ நகரம். கோயில்கள் மலிந்தது, பட்டு நெசவால் பேர்பெற்றது, புராதன ராஜதானி என்று அதனை வருணிக்கத் தொடங்கினால், ஊர்ப்பெயரை நாம் சொல்லுமுன்பே கேட்பவர் காஞ்சி என்று விடையிறுத்துவிடுவார். அந்நகரின் நிஷிஜின் பேட்டையில் பல நூற்றாண்டுகளாகப் பட்டோடு பொன்னிழை கலந்து நெய்துவருகிறார்கள். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் ஜக்கார்டு இயந்திரத்தைக் கற்றுவருவதற்காக 1872இல் பிரான்சு தேசத்து லியோன் நகருக்கு அங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். பதினேழு ஆண்டு கழித்து, 1889இல், அதே ஊரில் யமவுச்சி ஃபுசாஜிரோ என்பவர் ஹனஃபுடா என்னும் பூச்சீட்டு செய்து விற்க ஒரு கடை திறந்தார். அந்தக் கடைதான் நிண்டெண்டோ. ஒரே ஊரில் நெசவாளியும் அட்டையால் பிழைத்தான், சீட்டுக்காரனும் அட்டையால் பிழைத்தான் என்றிருக்க, இவ்வட்டைக்கும் அவ்வட்டைக்கும் உறவில்லை என்று சாதிக்க எவர்க்கு நா எழும்? அன்றியும், ஹனஃபுடாக் கட்டில் உள்ள சீட்டுகள் 48. நம் காஞ்சியின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து வெளிவந்து அத்திவரதப் பெருமாள் 2019இல் எழுந்தருளியிருந்த நாட்களும் 48. இதனைத் தற்செயல் என்பார் என்னை நேரில் வந்து காணலாம்; ஆட்டம் நடுவில் இருந்தால் திண்ணையில் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

இனிப் பிரத்யட்சப் பிரமாணம். புடவைக்கு டிசைன் எழுதுகிறவர், முன்பு கட்டத்தாளிலும் இப்போது கணினியிலும், ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவதா விடுவதா என்று தீர்மானிக்கிறார். நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. துளைக்கு நேரான கொக்கி எழும்ப, கொக்கியோடு பாவிழை எழும்ப, எழும்பிய இழையின்கீழ் நாடா ஓட, மயிலும் யாளியும் ருத்ராட்சமும் அங்குலம் அங்குலமாகப் பிறக்கின்றன. நிண்டெண்டோவுக்காக உவெமுரா மசயுகி வடிவமைத்து 1983 ஜூலை 15ஆம் நாள் 14,800 யென் விலைக்கு வெளிவந்த ஃபாமிகாம் என்ற பெட்டியோ, திரையை அகலத்தில் 256 புள்ளியும் உயரத்தில் 240 புள்ளியுமாகப் பகுத்துக்கொண்டு, எட்டுக்கு எட்டுப் புள்ளி அளவுள்ள சதுரங்களை 32 பத்தி, 30 வரிசையாக அடுக்கி உருவங்களை நிரப்புகிறது. ஒரு சதுரத்துக்குள் நான்கு நிறத்துக்குமேல் இடமில்லை. இதேபோன்ற தரித்திரத்தில் முன்பே பிறந்ததுதான் மாரியோவின் லட்சணம். 1981இல் 'டாங்கி காங்' ஆட்டத்துக்காக நிண்டெண்டோவின் மியமோட்டோ சிகேரு அவனை வரைந்தபோது, தலைமயிரை வரையக் கட்டம் போதாமையால் தொப்பி வைத்தார். மூக்கும் வாயும் பிரிந்து தெரியாமையால் மீசை வைத்தார். கை அசைவது புலப்படாமையால் தோள்பட்டை வைத்த கால்சட்டை மாட்டினார். அன்னத்துக்குக் கழுத்தை எத்தனை கட்டத்தில் வளைப்பது என்று தவித்த எவனும் அவர் தவிப்பை அறிவான். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உரு. ஒன்றுக்கு வெள்ளை, மற்றதற்குப் பச்சை. ஒரே அட்டைக்கட்டில் நிறத்தை மட்டும் மாற்றி நெய்து இரண்டும் புது டிசைன் என்று சொல்லும் சாமர்த்தியம் நம்மூருக்கு மட்டும் உரியதென்று இதுகாறும் கர்வப்பட்டிருந்தேன்.

கோர்வைப் புடவையை நோக்குக. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக மூன்று நாடா ஓட்டவேண்டியிருப்பதால், நெய்கிறவர் ஒரு கோடியில் இருக்க, துணையாள் மறு கோடியில் உட்கார்ந்து நாடா தள்ளவேண்டும். 'கான்ட்ரா' ஆட்டமும் இருவர் ஆட்டமே. இதைவிட நுட்பமான ஒற்றுமை ஃபாமிகாமின் கைப்பிடிகளில் இருக்கிறது: முதல் கைப்பிடியில் ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் பொத்தான் உண்டு, இரண்டாம் கைப்பிடியில் அது கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு மைக் வைத்திருக்கிறார்கள். அதாவது, தொடங்கவோ நிறுத்தவோ அதிகாரமற்றவன் வேண்டுமானால் கத்திக்கொள்ளலாம். தறியின் மறுகோடியில் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதுப் பிள்ளைகளே உட்கார்ந்திருந்த ஒரு காலமும் இவ்வூரில் இருந்தது. அவர்களுக்கு அந்த மைக்கும் இல்லை.

கேசட் ஊதும் சாஸ்திரத்துக்கு வருவோம். 1990களில் இவ்வூர் வீடுகளுக்குள் புகுந்தது அசல் கியோட்டோப் பெட்டி அன்று, அதன் வெளிநாட்டு நகல். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. '9999 கேம்' என்று மேலே அச்சிட்ட மஞ்சள் கேசட்டில் உண்மையில் இருந்தவை சிலவே. அவையே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்து, பிரபஞ்சம் மாயை என்ற கொள்கையைப் பாலப்பருவத்திலேயே எங்களுக்குப் போதித்தன. கேசட் வேலை செய்யாதபோது செய்யத்தக்கது யாது என்பதில், வடகலை தென்கலை வழக்கை நீதிமன்றப் படி ஏற்றிப் பார்த்த இந்நகரத்துப் பிள்ளைகள் ஒருமனப்படுவார்களா? ஊதுகலையார் வாயருகே வைத்து ஒருமூச்சில் ஊதினார்கள். தேய்கலையார் பனியன் நுனியால் துடைத்தார்கள். இருவரையும் நிராகரித்த ஒரு சிறு கூட்டத்தார் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்கள். நடுநிலையான தீர்ப்பு இது: கேசட்டின் அடியில் 60 தொடுமுனைகள் உண்டு, அவற்றில் களிம்பேறினால் மின்னோட்டம் தடைப்படும், ஊதுவதற்காக உருவி மறுபடி செருகியபோது உராய்ந்து களிம்பு விலகியதேயன்றி, ஊதலால் ஆனது ஒன்றுமில்லை, மூச்சின் ஈரம் மேலும் களிம்பையே சேர்த்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியே சரியான மருந்து. இவ்வளவும் தெரிந்தும் நான் இன்றும் ஊதுகிறேன். சம்பிரதாயம் வேறு, ரசாயனம் வேறு.

அசலையும் போலியையும் பிரித்தறியும் வித்தை ஜரிகை பார்த்துப் பழகிய ஊருக்குச் சுலபமாக வரும். கேசட்டைப் பிரித்து உள்ளே நோக்கினால், அசலில் சில்லு தன் கால்களோடு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். நகலில் பெரும்பாலும் சில்லு இருக்கவேண்டிய இடத்தில் திருஷ்டிப் பொட்டுப்போலக் கறுத்த பிசின் உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். அசல் பெட்டி ஒன்றைப் பெரும்பொருள் கொடுத்து ஜப்பானிலிருந்து தருவித்த அன்று, அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதையும் நம்முடையது 230 வோல்ட் என்பதையும் நன்கறிந்திருந்த அடியேன், ஆர்வ மிகுதியால் அறிவை ஒருகணம் ஒத்திவைத்து அடாப்டரைச் சுவரில் நேரே செருகியதும், காமாட்சியம்மன் சந்நிதியில் கற்பூரம் காட்டியதுபோல ஒரு வெண்புகை எழும்பி அடங்கியது. வாசனை மட்டும் கற்பூரத்தினுடையதன்று.

பெட்டி பிழைத்தது, பொருத்தமான தொலைக்காட்சிதான் வேண்டியிருந்தது. 'டக் ஹன்ட்' ஆட்டத்து வாத்துகளை இக்காலத்துத் தட்டைத் திரையில் சுட முடியாது. விசையை இழுத்ததும் திரை ஒரு நொடிச் சிதறலில் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக ஒளிர, துப்பாக்கி முனையிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். வரிவரியாக உடனுக்குடன் வரையும் பழைய படக்குழாய்க்கு இது இயலும், தாமதித்துக் காட்டும் புதிய திரைக்கு இயலாது. தமிழ்நாட்டில் இக்குறைக்கு இடமில்லை. 2006 முதல் அரசாங்கம் வீடுதோறும் இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இதற்கென்றே செய்ததுபோல அமைந்திருக்கிறது. திட்டம் வகுத்தவர்கள் வாத்து வேட்டையை மனத்தில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் பரணேறிய அத்தகைய தொலைக்காட்சி ஒன்றை, அத்திவரதர் எழுந்தருளிய அந்த ஆண்டிலேயே தூசி தட்டி இறக்கினேன். ஃபாமிகாம் 1983இல் பிறந்து 2003இல் உற்பத்தி நின்றது. 1979இல் தரிசனம் தந்து மீண்டும் நீருள் சயனித்தவர் 2019இல் எழுந்து பார்க்குமுன் அது தோன்றி, உலகை ஆண்டு, மறைந்தும்விட்டது. இத்தகைய ஊரில் எதைத்தான் பழையது என்பது?

அந்தத் தொலைக்காட்சிக்குச் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய நெசவாளி. மாரியோ ஓடுவதைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிறிதுநேரம் பார்த்திருந்தவர், "கட்டம் எண்ணிப் போட்டிருக்கான்" என்றார். என் சித்தாந்தம் நான் வாய்திறவாமலே சித்தித்ததைக் கண்டு நான் பரவசப்பட்டிருக்க, "இதுக்கு எத்தினி அட்டைப்பா?" என்று கேட்டார். பென்சிலை எடுத்தேன். அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட். துளை உண்டு, இல்லை என்ற கணக்கில் 3,27,680. 240 கொக்கிப் பெட்டிக்கு அட்டை ஒன்றுக்கு 240 வீதம் வகுத்தால் 1,366 அட்டை.

"மொத்தமுமா?"

"மொத்தமும் ஐயா. எட்டு உலகமும், பாட்டும், எல்லாமும்."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுந்தார். "நல்ல முந்தி ஒண்ணுக்கே அதுக்கு மேல ஆவுமே" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.