டச்சு படிக்கப் போகிறாளாம்!

எஸ்.டி.பி.எம். முடித்த கையோடு, லைடன் பல்கலைக்கழகத்தில் டச்சு மொழியும் இலக்கியமும் பண்பாடும் படிக்கப் போவதாக அக்கா மகள் அறிவித்தாள். பாகான் நக்கோடா ஓமாரில் மீன் லாரியைவிட வேகமாக ஓடுவது இந்த மாதிரிச் செய்திதான். சாயங்காலத்துக்குள் ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு கருத்து. "டச்சா? கைப்பேசிக்கு டச் ஸ்கிரீன் மாத்துற படிப்புதானே? சுங்கை பெசாரில் நல்லா ஓடுது" என்று ஒரு பெரியவர் வாழ்த்தினார். "சீனம் படிச்சாலாவது செகிஞ்சானில் வியாபாரம் பேசலாம்" என்றார் தேத்தண்ணி ஆற்றுபவர்.

தாய்மாமன் என்பதால் புத்தி சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீ சொன்னாக் கேப்பா தம்பி. ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொல்லு" என்றாள் அக்கா. தலையாட்டிவிட்டுத்தான் போனேன். ஆனால் உள்ளூர நான் மருமகள் கட்சி.

அவள் ஏற்கெனவே யூடியூப்பில் பழக ஆரம்பித்திருந்தாள். டச்சில் 'ஜி' என்ற எழுத்தைத் தொண்டையைக் காறித்தான் உச்சரிக்க வேண்டும். விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டு, அம்மா கற்பூரவள்ளிக் கஷாயத்தோடு எழுந்து வந்துவிட்டார். இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்தக் கணக்கில் சில்லறை எண்ணிக் கொடுத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எந்தப் பெயருக்கு 'தெ' போடுவது, எதற்கு 'ஹெத்' போடுவது என்பதற்கு உருப்படியான விதி கிடையாது, பெரும்பாலும் மனப்பாடம்தான். ஆனால் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலேயர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது. நாம் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கியம் என்றால் முதலில் 1860-இல் வந்த 'மாக்ஸ் ஹாவெலார்'. ஜாவாவில் அதிகாரியாக இருந்த எடுவர்த் டவ்வெஸ் டெக்கர், முல்தாதுலி என்ற புனைபெயரில் எழுதியது. குடியானவன் வயிற்றில் அடித்து ஆம்ஸ்டர்டாமில் காப்பி விற்ற கதை. கங்காணி, கிராணி கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்குக் கோனார் உரை வேண்டுமா?

பண்பாட்டுப் பாடம் இன்னும் சுலபம். நெதர்லாந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. கரை, கால்வாய், மதகு இவைதான் அவர்கள் வாழ்க்கை. தண்ணீர் வாரியத்துக்கென்றே தனித் தேர்தல் நடத்துகிறார்கள். பாரிட் ஓரத்தில் பிறந்து, பெரிய அலை நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்தவளுக்கு முதலாண்டுப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரிதான். ஒன்றுதான் புதிது. அங்கே கரை உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்களும் அல்லர். 1784-இல் கோலா சிலாங்கூரைப் பிடித்து, மலாவத்தி குன்றுக் கோட்டைக்குத் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் படையோடு வந்து விரட்டிவிட்டார். ஓராண்டுகூட முழுதாக இங்கே ஆளாதவர்கள் வைத்த பெயரை அங்குள்ள கலங்கரை விளக்கம் இன்னும் சுமக்கிறது. பீரங்கிகள் இப்போது குரங்குகள் வசம்.

செம்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் டச்சுக்காரர்கள் நட்ட நான்கு கன்றுகளின் வம்சம், சுமத்ரா வழியாக இங்கே வந்தது. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை வணிகப் பயிராக்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல குசும்புக்காரர்.

"எல்லாம் சரி, என்ன வேலை கிடைக்கும்?" அக்கா விடவில்லை. யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினத்தைச் சொன்னேன். டச்சு ஆவணங்களைப் படித்து, இலங்கையில் அவர்கள் நடத்திய ஆட்சியைப் பற்றி 1958-இல் நூல் வெளியிட்டவர். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களின் வரலாற்றை 1970-இல் புத்தகமாகத் தந்தவரும் அவரே. டச்சு படித்த தமிழர்தான் தோட்டத்துத் தமிழனின் கதையையும் எழுதினார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பென்ஷன் உண்டா?" என்றாள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச்சென்ற காகிதங்கள் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் என்று சிதறிக் கிடக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நாகப்பட்டினத்துத் துணியும் மலாக்காச் சுங்கமும் அதற்குள்தான் இருக்கின்றன. நம் வீட்டுக் கணக்கு அடுத்தவன் மொழியில் கிடக்கிறது; படிக்க ஆள்தான் குறைவு. ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை டச்சு படிக்கிறேன் என்று நின்றால் தடுக்காதீர்கள். தொண்டைக்குக் கஷாயம் மட்டும் தயாராக வைத்திருங்கள்.