பரணில் நாலு வருஷத்து வானம்

பழைய டெலிபோன் டைரக்டரியை எடைக்குப் போட மனசில்லாமல் பரணில் ஏற்றிவைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்; என் பரணில் இருப்பவை வருஷாவருஷம் சேர்ந்துபோன நாட்டிகல் ஆல்மனாக்குகள் என்ற மாலுமிப் பஞ்சாங்கங்களும், அட்டை நைந்த நோரீஸ் டேபிள்ஸ் என்ற கணக்கு வாய்ப்பாடும். சரக்குக் கப்பலில் கேடட்டாக, சீஃப் மேட்டின் நாலு-எட்டு வாட்ச்சில் நின்ற காலத்தில், நட்சத்திரங்கள் தலைகாட்டிவிட்டாலும் அடிவானக் கோடு இன்னும் அழியாத அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் செக்ஸ்டன்டோடு வெளியே ஓடி, ஆல்மனாக்கில் கேனோபஸ் என்றிருக்கும் நம் அகத்தியரைக் கண்ணாடிக்குள் இறக்கிக் கடல்மேல் உட்காரவைத்து, குரோனோமீட்டரில் மணி குறித்து (நாலு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே கப்பல் ஒரு கடல் மைல் தள்ளிப்போய்விடும்), ஹாவர்சைன் பத்திகளில் விரலை ஓட்டிக் கணக்குப் போட்டு, மூன்று நட்சத்திரங்களின் கோடுகளும் சார்ட்டில் சின்ன முக்கோணமாகக் கூடிவிட்டால், இந்தியப் பெருங்கடலையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி நிற்பேன். சீஃப் மேட் குனிந்து பார்த்து "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக மறுநாள் அந்திவரை காத்திருந்த பிள்ளையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும்.

1995இல் ஜி.பி.எஸ். முழுமையாக வந்தது, 2000 மே மாதம், வேண்டுமென்றே அதில் கலந்துவைத்திருந்த பிழையையும் அமெரிக்கா எடுத்துவிட்டது. கப்பல் எங்கே என்பது திரையில் மீட்டர் சுத்தமாகத் தெரிகிறபோது, நேற்று மதியத்திலிருந்து இன்று மதியம்வரை எத்தனை மைல் ஓடியிருப்போம் என்று சாப்பாட்டு மேஜையில் யார் பந்தயம் கட்டப்போகிறார்கள்? வேடிக்கை என்னவென்றால், நட்சத்திரப் பாடத்தைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படை அகாதெமியே, ஜி.பி.எஸ்ஸை யாராவது முடக்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில், 2015இல் அதைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் என் பரண் குப்பை இல்லை என்று வீட்டில் வாதாடினேன். நோரீஸுக்கு வயதே கிடையாது. சைனும் லாகரிதமும் 1803இல் நோரி அச்சடித்தபோது இருந்தபடியேதான் இருக்கின்றன. ஆல்மனாக்கோ, அடுத்த வருஷமும் சூரியனுக்கும் நட்சத்திரங்களுக்கும் தன்னை எப்படிப் பயன்படுத்தலாம் என்று தானே உள்ளே சொல்லிவைத்திருக்கிறது. சந்திரனையும் கிரகங்களையும் மட்டும் அதை நம்பித் தேடக்கூடாது. நாலு வருஷம் போனால் சூரியன் அதே தேதியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். ஆகவே தொடர்ச்சியாக நாலு வருஷத்துப் புத்தகங்களை நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பழைய பேப்பர்காரருக்கு என்று நியாயமாகவே பங்கு பிரித்தேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பேரன், "செக்ஸ்டன்ட் எங்கே தாத்தா?" என்றான். அதை எப்போதோ நல்ல விலைக்கு விற்று, மேப் பார்க்கிற போன் வாங்கியாகிவிட்டது.