ஃப்ரீசர் ஐஸும் குடும்பத்தாரின் கதவொழுக்கமும்: ஓர் ஆய்வு

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் மண்டிக் கிடக்கும் ஐஸை, வீட்டுப் பெண்களின் சோம்பலுக்குச் சான்றாகவே உறவுக்காரர்கள் நெடுங்காலமாகக் காட்டிவருகிறார்கள். இம்முடிபு ஆதாரமற்றது. அந்த ஐஸ், கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய வருகைப் பதிவேடு என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஃப்ரீசர் தானாக ஒரு சொட்டு நீரையும் உண்டாக்குவதில்லை. கதவு திறந்ததும் கனத்த குளிர்காற்று கீழே வழிந்தோட, அந்த இடத்தில் அடுக்களைக் காற்று புகுகிறது. அதிலுள்ள ஈரம் குளிர்ந்த அலுமினியத் தகட்டில் பட்டு, நீராகாமலே பனியாக ஒட்டிக்கொள்கிறது. மூடாமல் வைத்த ரசமும் தன் பங்கைச் செலுத்துகிறது. திறப்பு இருவகைப்படும்: பால், மாவு முதலியவற்றை எடுக்கும் பயனுள்ள திறப்பு, எதையும் எடுக்காமல், முந்தாநாள் கூட்டை மறுபடி தரிசித்துவிட்டு மூடும் பயனிலாத் திறப்பு. கால்மணி நேரத்துக்குள் உள்ளே புதிதாக ஏதேனும் முளைத்திருக்கும் என்ற நம்பிக்கையே பின்னதற்கு அடிப்படை.

கதவு ரப்பர் தளர்ந்தாலும் ஐஸ் கட்டுமே எனின், கட்டும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் குற்றவாளி, பிடித்து நின்றால் குடும்பத்தார். ஐஸ் மிகுந்தால் குளிர் மிகும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பாரும் உளர். அது பொருந்தாது. வெப்பத்தைக் கடத்துவதில் ஐஸ் அலுமினியத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். காற்று கலந்த பனியோ அதனினும் மட்டம். ஆகவே அது தகட்டுக்குப் போர்த்திய கம்பளி. உள்ளே குளிர் எட்டாமல் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். கரண்ட் பில் ஏறும். தானே பனி கரைக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை வாங்கிவிட்டால் இச்சிக்கல் தீருமெனின், தீராது. அதிலுள்ள ஹீட்டர் அவ்வப்போது சான்றை அழிக்கிறது, அவ்வளவே. அதற்கான மின்சாரமும் நம் மீட்டரில்தான் ஓடும்.

இனிப் பரிகாரம். இதில் கத்திக் கட்சி, பட்டன் கட்சி என இரண்டு. கத்திக் கட்சியார் வேகத்தைத் தம் சிறப்பாகச் சொல்வர். ஆனால் அந்தத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடும் நுண்வழிகள் உள்ளன. ஒரே குத்து, ‘உஸ்’ என்ற ஓசை, அடுத்து மெக்கானிக்கின் வருகை. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் எளிதில் தீப்பற்றும் என்பதையும் கருதுக. பட்டன் கட்சியாருக்கோ தெர்மோஸ்டாட் திருகின் நடுவிலுள்ள சிறு பொத்தானே போதும். அமுக்கினால் கம்ப்ரஸர் நிற்கும்; பனி உருகியதும் தானே ஓடத் தொடங்கும். பொறுமையில்லாதவர் ஒரு பாத்திரம் வெந்நீரை உள்ளே வைக்கலாம். உருகிய நீர் பின்புறத் தட்டில் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும் என்பதால், தட்டைக் கழுவுதலும் இக்கட்சியின் கடமை.

எனவே ஐஸ் கால் அங்குலம் தொட்டதும் பட்டனை அமுக்குங்கள். கத்தியை வெங்காயத்துக்கு விட்டுவிடுங்கள். எதை எடுக்கப்போகிறோம் என்று முடிவுசெய்த பிறகே கதவில் கை வையுங்கள்.