கைபடாமல் காத்த மரபு

சுழற்சிப் பொருளாதாரம் என்று மேல்நாட்டார் இப்போதுதான் மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். நாம் அதை என்றைக்கோ கரைத்துக் குடித்தவர்கள். சென்னையில் ஏதாவதொரு சுற்றுச்சூழல் விழாவுக்குப் போய்ப் பாருங்கள். வாழை இலையில் சாப்பிட்டு மாட்டுக்குப் போட்டோம், கழுநீர்ப் பானை வைத்தோம், கொல்லையில் எருக்குழி வெட்டினோம், பாட்டியின் சேலையைத் தூளியாக்கி, அது நைந்ததும் கரித்துணியாக்கினோம், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றோம் என்று பேச்சாளர் அடுக்குவார். அவையோருக்குப் புல்லரிக்கும். கைதட்டி முடித்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். மரபைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் தாகம் தீர்ந்துவிடுகிற சனம் வேறெங்கே உண்டு?

இப்பேர்ப்பட்ட நகரத்தாரைக் குறை சொல்வதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. கேட்கக் கேட்க எனக்கு மனசு ஆறவில்லை. நல்லதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டாமா?

முதலில் போகி. நம் முன்னோர் கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்கள் கைக்கு எட்டியது அவ்வளவுதான், பாவம். பேரர்கள் டயர், டியூப், ரெக்சின் பை என்று மரபை வளப்படுத்திவிட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷம் தவறாமல் வேண்டுகோள் விடுக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பலருக்கு மறுநாள் போகி என்பதே ஞாபகம் வருகிறது. 2018-இல் எழுப்பிய புகையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுதளமே கண்ணுக்குத் தெரியாமல் போய், வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. பாய் கொளுத்திய தாத்தாவால் ஒரு மாட்டுவண்டியையாவது திருப்ப முடிந்திருக்குமா?

மஞ்சப்பைக்கு வருவோம். ஒரு காலத்தில் அதைக் கையில் பிடித்துப் பட்டணத்தில் இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தோம். 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்றதும் அதற்கு ஒரு மவுசு வந்துவிட்டது. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் எந்திரம்கூட வைத்தார்கள். நம்மவர் அதை வாங்கி, தோளில் மாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்புகிறார். தக்காளி ஒரு கவரில், வெண்டைக்காய் ஒரு கவரில், கொத்துமல்லி கசங்கிவிடாமல் இன்னொரு கவரில். எல்லாக் கவரையும் மஞ்சப்பைக்குள் பத்திரமாக அடுக்குகிறார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகையைத் தமிழ்நாடு தடை செய்தது 2019 ஜனவரி முதல் தேதி. தடை செய்த பொருளை இப்படி மூடி மறைத்துக் கொண்டுபோகும் நாகரிகத்தை எந்தச் சட்டம் கற்றுக்கொடுத்தது? அதுவாக வந்ததுதான்.

கல்யாண மண்டபங்களை விரித்துச் சொல்ல இடமில்லை. வாழை இலையின் நரம்பு, நுனி, பச்சை எல்லாம் அச்சு அசலாகப் பதித்த பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பந்தி நடக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அசல் இலையை மாடு தின்றுவிடும், மறுநாள் தடயமே இருக்காது. இந்த இலையோ மணமக்களின் பேரன் கல்யாணத்தையும் பார்க்கும்.

இத்தனை இருந்தும் நம்மவருக்குக் குப்பையைப் பிரிக்கத் தெரியாது என்கிறார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் விதிகளே சொல்லிவிட்டன. சொல்லட்டும். காலை ஏழு மணிக்குப் பேட்டரி வண்டி வருகிறது. நாலாவது மாடியிலிருந்து ஒரு கறுப்புக் கவர், கழுத்தில் இறுக்கிய முடிச்சோடு, இறங்கி வருகிறது. வண்டியோடு வந்த அம்மா அதை அவிழ்க்கிறார். நேற்றைய சாம்பார் சாதம், அதில் ஊறிய செய்தித்தாள், நாலு பால் கவர், குழந்தையின் டயப்பர், சவர பிளேடு, உடைந்த பல்பு. சாதத்துக்குள் கைவிட்டுக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியின் ஓரமாக வைக்கிறார். மேலே பால்கனியில் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னம்மா, இங்கேயே கொட்டிப் பரப்பறீங்க?” என்று கேட்கிறார். சுத்தத்தின் மேல் எத்தனை அக்கறை!

அந்தக் கவருக்குள் சாமிக்குச் சாத்திய பூ ஒன்றுகூட இருக்காது, கவனித்தீர்களா? கால்படக் கூடாதென்று அதைத் தனிக் கவரில் கட்டி, அடையாறு பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, கண்ணில் ஒற்றி, ஆற்றில் போட்டுவிட்டுத்தான் நம்மவர் ஆபீஸ் போவார். விரிசல் விட்ட சாமி படங்கள் அரசமரத்தடிக்குப் போகும். வேலைக்கு வரும் அம்மாவுக்கு வீட்டில் தனி டம்ளர். குப்பை அள்ளுபவர் போக வர, சில குடியிருப்புகளில் தனி லிப்ட். பிரிப்பதில் நம்மவருக்கு நிகர் உலகத்தில் உண்டா? மனுஷனை இத்தனை வகையாகப் பிரித்த கைக்குக் கேவலம் மூன்று தொட்டி ஒரு பொருட்டா? வேண்டாமென்று விட்டிருக்கிறார், அவ்வளவுதான். குப்பை உண்டாக்குவது ஒருவர், தொடுவது இன்னொருவர் என்ற ஏற்பாட்டையும் முன்னோர்தான் வைத்துவிட்டுப் போனார்கள். எருக்குழியும் கழுநீர்ப் பானையும் காலப்போக்கில் காணாமல் போயின. இந்த ஒன்றை மட்டும் நம்மவர் கைபடாமல் காப்பாற்றிவிட்டார்.

குடிமக்கள் பங்கேற்பும் நமக்குப் புதிதல்ல. 1989-இல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு தொடங்கியது. தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் காசு போட்டு, மூன்று சக்கர வண்டி வாங்கி, வீடு வீடாகக் குப்பை எடுக்க ஏற்பாடு செய்தார்கள். எடுப்பவரைத் தெருவை அழகாக்குபவர் என்று மரியாதையாக அழைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து தேவையான பாடத்தை மட்டும் நம்மவர் படித்துக்கொண்டார்: குப்பை எடுக்க வாசலுக்கே ஆள் வர வேண்டும். கூட்டம் போடுவது, காசு கொடுப்பது, மரியாதையாகக் கூப்பிடுவது போன்ற உதிரி விஷயங்களை மறந்ததில் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

நீலகிரியில் நடந்த கூத்தோடு ஒப்பிட்டால்தான் இந்தப் பெருந்தன்மை விளங்கும். உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு உயர்நீதிமன்றம்வரை போய், 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்தைக் கொடுக்கும் முறை வந்தது. காட்டில் கிடந்திருக்க வேண்டிய பாட்டில்களில் பெரும்பாலானவை ஒழுங்காகக் கடைக்குத் திரும்பின. மரபு பற்றி ஒரு சொற்பொழிவு கேட்டிருப்பார்களா அந்த மக்கள்? கலாசாரம் என்ற பேச்சே இல்லாமல், வெறும் பத்து ரூபாய்க்காக நல்ல காரியம் செய்தால் அதில் என்ன புண்ணியம்? நம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒருபோதும் அப்படித் தரம் தாழமாட்டார். அவர் பூமி தினத்தன்று உறுதிமொழி எடுப்பார். அதைப் பிளக்ஸில் அச்சடித்துக் கேட்டில் கட்டவும் செய்வார்.

சுழற்சி நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் அபாண்டம். சென்னையில் தினமும் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. பிரிக்காமல் போனதால் அது பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளில் பிளாஸ்டிக்கோடு கட்டிப்பிடித்துக் கிடந்து, அழுகி, மீத்தேனாகி, நெருப்பாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்து, நகரத்தார் விட்டெறிந்ததை அவர்கள் மூக்குக்கே கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் குப்பை மேடு உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலம் என்ற தகுதியைப் பெற்றதும் அதே ஆண்டில்தான். ஆற்றில் போட்ட கவர் கடலுக்குப் போகிறது, பொடியாகி மீன் வயிற்றுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வருகிறது. மேல்நாட்டார் வட்டம் வரைந்து விளக்குவதை நம்மவர் ருசியே பார்த்துவிட்டார்.

சமையலறையில் இரண்டு நிமிஷம் செலவழித்துப் பிரிக்க மறுத்ததை, இப்போது எந்திரம் வைத்துத் தோண்டி, சலித்து, பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெருங்குடிக்கு 350 கோடி ரூபாய்க்கு மேல், கொடுங்கையூருக்கு 640 கோடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தனையும் நம்மவர் கட்டிய வரிப்பணம்.