கடைமடைக் கணக்கு

ஹாக்கி லீக்கில் எந்த அணி பிளே-ஆஃப் போகும் என்று தெரிய வேண்டுமானால் கல்லணைக்குக் கீழே ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் போய்க் கேட்க வேண்டும். அங்கே யாருக்கும் ஹாக்கி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நாம் உழைப்பது ஒரு பங்கு, மிச்சமெல்லாம் அடுத்தவன் கையில் என்பதுதானே பிளே-ஆஃப்? அந்தக் கணக்கைத் தஞ்சாவூர்க்காரன் கோவணம் கட்டுவதற்கு முன்பே போடப் பழகிவிடுகிறான். குடகில் மழை பெய்ய வேண்டும், கபினி நிரம்பி வழிய வேண்டும், பிலிகுண்டுலுவில் வரத்து கூட வேண்டும், மேட்டூர் 120 அடியைத் தொட வேண்டும். ஜூனில் 9.19 டி.எம்.சி., ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று எங்களுக்கு ஒரு புள்ளிப்பட்டியலே இருக்கிறது. ஆடுவது எங்கேயோ, ரிசல்ட் எங்கள் நாற்றங்காலில்.

ஆகவே ஹாக்கி இந்தியா லீக்கில் ஆடும் தமிழ்நாடு டிராகன்ஸின் வாய்ப்பைக் கணிக்க எனக்குத் தகுதி உண்டு.

முதலில் பெயர். 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது நம் அணி சென்னை வீரன்ஸ். 2012-ல் உலக சீரிஸ் ஹாக்கிக்கு சென்னை சீட்டாஸ். இப்போது டிராகன்ஸ். மனிதனில் ஆரம்பித்து, மிருகத்துக்கு இறங்கி, கடைசியில் உலகத்திலேயே இல்லாத பிராணிக்கு வந்திருக்கிறோம். இல்லாத பிராணிதான் வேண்டுமென்றால் கோயிலுக்குக் கோயில் யாளி சும்மாதானே நிற்கிறது? 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்காவது காங்கேயன் என்று நம்மூர்க் காளையைச் சின்னமாக வைத்தார்கள். இந்தியாவுக்கு வெண்கலமும் வந்தது.

அந்தப் போட்டியை டிவியில் பார்த்த என் மாமாவுக்கு கோல், கார்னர் எதுவும் கண்ணில் படவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நீலத் தரையில் பீய்ச்சியடித்த தண்ணீர்தான் பட்டது.

"ஏன் மாப்ளே, அது பிளாஸ்டிக் புல்லுதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?"

"பந்து வழுக்கிக்கிட்டு ஓடணும் மாமா. காஞ்சு கிடந்தா விழறவன் முட்டி தேஞ்சுடும்."

"முறை வச்சு விடறானா?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விடுவாங்க. இடைவேளையிலயும் விடுவாங்க."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதான்டா தலைமடை" என்றார் பிறகு.

இனி கணிப்பு. ஏழு வருஷம் முடங்கிக் கிடந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் 28-ல் ரூர்கேலாவில் மறுபடி தொடங்கியது. எட்டு அணிகள், முதல் நான்குக்கு அரையிறுதி. நம் ஆட்கள் அரையிறுதிக்குப் போய், வங்காளப் புலிகளிடம் ஷூட்-அவுட் வரை இழுத்துத் தோற்று, கடைசியில் நான்காவதாக வந்தார்கள். புலிகள் கோப்பையைத் தூக்கினார்கள். தற்காப்புக்கு அமித் ரோகிதாஸ், பெனால்டி கார்னருக்கு நெதர்லாந்து யிப் யான்சன், கோல் காக்க அயர்லாந்து டேவிட் ஹார்ட். கொள்ளிடம் தாண்டினால் வரும் அரியலூரிலிருந்து செல்வம் கார்த்தி வேறு. இவ்வளவு பேர் இருந்தும் எட்டு விநாடி ஷூட்-அவுட்டில் போயிற்று. கோல்கீப்பரும் அடிப்பவனும் தனித்தனியாக மோதும் அந்த எட்டு விநாடிக்கு எந்தக் கணிப்பும் எடுபடாது. வானிலை மையத்தாலும் முடியாது.

புள்ளி கொடுக்கும் முறையை மாமாவிடம் விளக்கினேன். ஜெயித்தால் மூன்று. டிரா ஆகி ஷூட்-அவுட்டில் ஜெயித்தால் இரண்டு, தோற்றால் ஒன்று.

"தோத்தவனுக்கும் ஒண்ணா? அப்ப நிவாரணம்னு சொல்லு." அந்த ஒன்று கைக்கு வர எத்தனை மாசம் ஆகும், வி.ஏ.ஓ. கையெழுத்து வேணுமா என்றும் கேட்டார்.

2026 ஜனவரி 3-ம் தேதி சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆண்கள் லீக் தொடங்குகிறது. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். எனவே என் கணிப்பு: முதல் நான்குக்குள் வந்துவிடுவார்கள், ஆனால் கடைசி நாள் வரை இன்னொருத்தன் தோற்கக் காத்திருந்துதான் வருவார்கள். கோப்பை? குறுவையைப் பார்த்துச் சம்பாவுக்குக் கடன் வாங்குகிறவன்கூட அவ்வளவு தூரம் துணிய மாட்டான்.

"ஃபைனல் 26-ம் தேதி, புவனேஸ்வர்ல. டிவி பார்க்க வந்துடுங்க மாமா."

"எப்படிடா வர்றது? அன்னிக்குத்தான் அறுப்பு மெஷின் நம்ம வயலுக்கு வருது."

"நிச்சயமா வருமா?"

"வரும். மேலண்ட வயல் ஈரம் காயணும், வாய்க்காலுக்கு அந்தாண்ட நாலு மா அறுத்து முடிக்கணும், நடுவுல மழை வரக் கூடாது, டிரைவரு பொங்கலுக்குப் போனவன் திரும்பி வரணும். வந்துட்டான்னா வரும்."